சுக்கானி ஸெய்னுதீனின் வாய்

எண்பதாம் ஆண்டு மூதூரில் சுக்கானி ஸெய்னுதீன் மௌத்தானபோது, மையத்து வீட்டுக்கு வந்த இளந்தாரிகள் எல்லாரும் ஒரே கதையைத்தான் கதைத்தார்கள். "வாயால ஒருத்தரை நோகடிக்காத மனிசன்." "ஒரு சீ, ஒரு சை எண்டு அவர் சொல்லி ஆரும் கேட்டிருக்கமா?" அங்கே இருந்த பழைய ஆட்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஸெய்னுதீன் வேறு ஆள். அந்த ஆளுக்கு வாய் போன கதை மையத்து வீட்டில் சொல்லக்கூடிய கதை இல்லை.

பழைய ஸெய்னுதீன் விடிய எழும்பினால் கண்ணைத் திறக்கமுன் வாயைத் திறப்பார். செருப்பில் ஒன்றைக் காணவில்லையா, கரைச்சல். தேத்தண்ணி சுடுகிறதா, கரைச்சல். ஆறிப்போச்சா, அது அதைவிடப் பெரிய கரைச்சல். சட்டைப் பொத்தான் கழன்றால் கரைச்சல், அதைத் தைக்க வந்த பெண்சாதி உம்மு குல்சும் "ஒருக்கா அசையாம நில்லுங்களன்" என்றால் அரியண்டம். லாஞ்சு கட்டுகிற ஜெட்டிக்குப் போகிற வழியில் ஆடு குறுக்கே வந்தால் ஆட்டுக்கும் பேச்சு, ஆட்டுக்காரனுக்கும் பேச்சு, ஆட்டை விற்ற கிண்ணியாக்காரனுக்கும் பேச்சு. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏச்சில் விஷம் இல்லை. ஏச்சு வாங்கினவன் சிரித்துக்கொண்டே போவான். ஒருநாள் ஏசாவிட்டால்தான் "என்ன காக்கா, உடம்புக்கு ஏலாதா?" என்று கேட்பான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்து சுக்கான் பிடிக்கப் பழகினவர் அவர். அங்கே இருந்த துரைமாரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார். "அவனுகளுக்கு எல்லாக் கரைச்சலுக்கும் ஒரே ஒரு சொல்தான். கயிறு சிக்கினாலும் அதுதான், கப்பல் முட்டினாலும் அதுதான். அதையும் பொம்புளைகளுக்கு முன்னால சொல்ல ஏலாது. பாவம், சொல்லுக்குப் பஞ்சம் புடிச்ச சாதி." ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனான், வேலையும் போனது. ஸெய்னுதீன் ஊருக்கு வந்து, மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடுகிற 'பத்ரியா' என்ற மோட்டார் லாஞ்சில் சுக்கானி ஆனார்.

கொட்டியாரக் குடாவைத் தாண்ட ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் அது குளம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று விழுந்துவிட்டால், குடாவின் வாயால் பெருங்கடல் உள்ளே வந்து உருளும். மகாவலி வெள்ளம் கடலில் விழுகிற இடத்தில் ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் முட்டிக்கொண்டு கொதிக்கும். அந்த இடத்தை ஸெய்னுதீன் பத்து வருஷம் ஒரு பிழை விடாமல் தாண்டினார். அந்தப் பத்து வருஷத்தில் லாஞ்சில் ஏறி இறங்கின சனமும் ஒரு வித்தை படித்துக்கொண்டது. கடலைப் பார்க்கத் தேவையில்லை, சுக்கானியின் வாயைக் கேட்டால் போதும்.

அவர் 'கரைச்சல்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தால் ஒன்றுக்கும் பயமில்லை, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளலாம். 'அரியண்டம்' என்றால் பாரம் கூட, அல்லது ஆட்கள் ஒரு பக்கமாகக் குந்தியிருக்கிறார்கள். இஞ்சின்காரன் கனகசபை இஞ்சின் குழிக்குள் இருந்து தலையை நீட்டி, "ஐயாமாரே, சுக்கானி நானா அரியண்டம் எண்டிட்டார், நாலு பேர் மற்றப் பக்கம் வாங்கோ" என்பான். 'ஆக்கினை' என்ற சொல் வந்தால் தாய்மார் பிள்ளைகளை மடிக்குள் இழுப்பார்கள், கனகசபை வேகத்தைக் குறைப்பான். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சொல் இருந்தது. 'முஸீபத்து', பேராபத்து. பத்து வருஷத்தில் மூன்று தரமோ நாலு தரமோதான் அதைச் சொன்னார். சொன்ன அன்று லாஞ்சு போகாது. முதலாளி வந்து நின்றாலும் போகாது. ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு லாஞ்சில் ஏறி இருக்க ஆள் இராது.

இப்படி ஒரு ஒழுங்கை ஒருவரும் பேசிப் போடவில்லை. ஸெய்னுதீனுக்கே அது தெரியுமோ தெரியாது. அவர் பாட்டுக்கு ஏசினார், சனம் தன் பாட்டுக்கு விளங்கிக்கொண்டது.

வினை வீட்டுக்குள் இருந்து வந்தது.

அவருக்கு ஒரே மகள், அசனா. கலியாணம் முடித்து மூன்று வருஷத்தில் இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனது. முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னால், உம்மு குல்சும் பழைய சீலைகளைக் கிழித்துப் பிள்ளைத் துணிக்கென்று கட்டி வைத்திருந்த மூட்டையில் ஸெய்னுதீன் கால் தடக்கி விழப் பார்த்து, "என்ன கேடுகெட்ட பலாய் இது!" என்று கத்தியிருந்தார். இரண்டாவது பிள்ளை ஐந்தாம் மாதத்தில். அந்தத் தரம் அசனா இரவிரவாகச் சத்தியெடுக்க, நித்திரை இல்லாத மனிசன் பாயில் எழும்பி இருந்து, "பெரிய ஆக்கினையாக் கிடக்கே" என்றிருந்தார். மகளில் உள்ள இரக்கத்தில் சொன்ன சொல் அது. ஆனால் சொல் சொல்தானே!

பக்கத்து வீட்டுப் பல்கீஸ்தான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "உங்கட மனிசனுக்குக் கரிநாக்கோ என்னவோ, ஒருக்காப் பாருங்க ராத்தா." உம்மு குல்சும் அன்று மத்தியானமே புருஷனை முற்றத்து வெயிலில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னாள். நடுநாக்கில் கடுகளவு கறுப்புப் பொட்டு ஒன்று இருந்தது.

"வெத்திலைக் கறை," என்றார் ஸெய்னுதீன்.

அவள் உப்புக் கல்லை எடுத்துத் தேய்த்தாள். நாக்கு சிவந்தது, பொட்டு போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள். "விடு புள்ள, கரைச்சல்..." என்று தொடங்கினவர் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடினார். ஐம்பது வயது மனிசனுக்கு அன்றைக்குத்தான் தன் வாயில் பயம் பிடித்தது.

அறுபத்தேழாம் ஆண்டு நோன்பு மார்கழி மழையோடு வந்தது. அசனாவுக்கு மூன்றாவது பிள்ளை, ஏழு மாதம் முடிந்திருந்தது. இவ்வளவு தூரம் ஒரு பிள்ளையும் வந்ததில்லை. தலைநோன்பு பிடிக்க முதல்நாள் பின்னேரம் உம்மு குல்சும் புருஷனுக்கு முன்னால் வந்து குந்தினாள்.

"இஞ்சப் பாருங்க. நோன்பு புடிச்சுக்கிட்டு ஏசினா நோன்பே முறிஞ்ச மாதிரித்தான். நீங்க ஒவ்வொரு வருஷமும் பட்டினிதான் கிடக்கிறீங்க, நோன்பு புடிக்கல்ல. இந்த வருஷம் முப்பது நாளும் அந்தச் சொல்லுகள் ஒண்டும் உங்கட வாயில வரப்படாது. எனக்காக இல்ல. அவள்ட வயித்துக்காக."

"ஒண்டுமா?"

"ஒண்டும். கரைச்சல் எண்டும் சொல்லப்படாது."

கதவடியில் அசனா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் வாப்பாவின் வாயிலேயே இருந்தது. ஸெய்னுதீன் அப்படியே நடப்பதென்று நிய்யத்து வைத்தார்.

அடே அப்பா, என்ன பாடு! முதல் நாள் நங்கூரக் கயிறு காலில் சுற்றியது. வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கி "சுபஹானல்லாஹ்" என்றார். கனகசபை குழிக்குள் இருந்து, "நானா, என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டான், பயந்து போய். நாலாம் நாள், நிலாவெளிக்காரன் ஒருவன் கருவாட்டுச் சாக்கை அவர் காலுக்கு மேலே வைத்தான். "தம்பி, இதைக் கொஞ்சம் அங்கால வெச்சா நல்லம்" என்றார். லாஞ்சே சிரித்தது. "சுக்கானியார் மௌலவி ஆகிட்டார்!" சனத்துக்கு அது நல்ல முசுப்பாத்தி. கனகசபைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நீங்கள் ஏசாமல் ஓட்டுறது, விளக்கு இல்லாமல் ஓட்டுற மாதிரிக் கிடக்கு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். சில்லைத் திருப்பும்போது, சுக்கானை இழுக்கிற சங்கிலி எங்கேயோ கடித்தது. முந்தின காலமென்றால் "இந்த அரியண்டம் புடிச்ச சங்கிலி" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார், பின்னேரத்துக்குள் புதுச் சங்கிலி வந்திருக்கும். இப்போது திருகோணமலை டவுன் ஜெட்டியில் டிக்கட் கொடுக்கிற யோகராசாவிடம் போய், "அந்தச் சங்கிலியை ஒருக்காப் பார்த்தா நல்லம், தம்பி" என்று இரண்டு தரம் சொன்னார். "ஓம் நானா, பாப்பம் நானா" என்று யோகராசா இரண்டு தரமும் மறந்தான். மரியாதையாகச் சொன்னால் யாருக்குக் காது கேட்கிறது!

பதினைந்தாம் நோன்பு. அசனாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் காட்ட உம்மு குல்சும் காலை லாஞ்சில் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் நல்லபடி என்று டொக்டர் சொல்லிவிட்டார். பின்னேரம் மூன்றரைக்குக் கடைசி லாஞ்சு. பெருநாளுக்குத் துணி எடுக்க வந்த மூதூர்ச் சனம் முழுக்க ஜெட்டியில் நின்றது. ஆறு மணிக்கு வீட்டில் நோன்பு திறக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே அவசரம். அறுபது பேருக்குக் கட்டின லாஞ்சில் தொண்ணூறு பேர் ஏறினார்கள். விளிம்புக்குக் கீழே அடித்திருந்த வெள்ளைக் கோடு தண்ணிக்குள் போய்விட்டது.

ஸெய்னுதீன் வடகிழக்கே பார்த்தார். குடாவின் வாயில் வானம் ஈயச் சட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. காற்று நின்றிருந்தது. அந்த நிற்பு அவருக்குப் பிடிக்கவில்லை. சில்லைத் திருப்பிப் பார்த்தார், சங்கிலி கடித்தது. நெஞ்சுக்குள் அந்தச் சொல் வந்து நின்றது.

"என்ன நானா, விடுவமா?" யோகராசா ஜெட்டியில் நின்று கேட்டான்.

தொண்ணூறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். முன் பலகையில் அசனா இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் தாய். அசனா வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பதினைந்து நாள், ஒரு சொல் இல்லை. வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டிருக்கிறது.

"கொஞ்சம் யோசிச்சுப் போனா நல்லம்," என்றார் ஸெய்னுதீன். "இண்டைக்கு நிண்டு, விடியப் போனா இன்னும் நல்லம்."

"அட, நானாட வாயில தேன் வடியுது!" என்றான் ஒருவன். "அப்ப கடல் பாலாத்தான் கிடக்கும். எடுங்க லாஞ்சை!" சனம் சிரித்தது. இஞ்சின் அடித்தது. யோகராசா முன் கயிற்றைக் கழற்றிப் போட்டான். பின் கயிற்றில் கையை வைத்தான்.

அந்த நேரம் ஸெய்னுதீன் மகளின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், ஏலவில்லை. இவளைக் கடலில் கொடுக்கிறதா, இவள் வயிற்றைச் சொல்லில் கொடுக்கிறதா! அப்படி ஒரு கேள்வியை அல்லாஹ் ஒரு தகப்பனிடமும் கேட்கக்கூடாது.

"முஸீபத்து!" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

சொல்லி வாய் மூடமுன் லாஞ்சு ஆடத் தொடங்கிவிட்டது. ஆணும் பெண்ணும் மூட்டையும் பிள்ளையுமாக ஜெட்டிக்குப் பாய்ந்தார்கள். கனகசபை இஞ்சினை நிறுத்திவிட்டு மேலே வந்து, பெரிய மூச்சொன்று விட்டான். எல்லாரும் இறங்கின பிறகும் அசனா மட்டும் பலகையில் இருந்தாள், இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு. உம்மு குல்சும் புருஷனை ஏசவில்லை. மகளின் தலையில் முக்காட்டை இழுத்து விட்டு, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள்.

பிறகு நடந்தது என்ன தெரியுமோ? மழை ஒரு அரை மணித்தியாலம் கொட்டியது, விட்டது. பாங்கு சொல்கிற நேரம் வானம் வெளித்து, குடா வழித்துவிட்ட மாதிரிக் கிடந்தது. ஜெட்டிக்குக் கிட்டப் பள்ளிவாசலில் வாங்கின கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு சனம் கடலைப் பார்த்தது, பிறகு ஸெய்னுதீனைப் பார்த்தது. "கண்டறியாத சுக்கானி!" "நோன்பும் அதுவுமா ரோட்டில இருந்து கஞ்சி குடிக்க வெச்சிட்டானே, அறுந்த மனிசன்!" "பெரிய அரியண்டம் புடிச்ச ஆளப்பா!" அவர் ஊருக்குக் கொடுத்த சொல்லெல்லாம் அன்று வட்டியோடு அவருக்கே திரும்பி வந்தன.

அடுத்த நாள் விடிய லாஞ்சு வெளிக்கிட்டது. ஜெட்டியை விட்டுத் திரும்ப ஸெய்னுதீன் சில்லை இழுத்தார். டங் என்று ஒரு சத்தம். சில்லு அவர் கையில் சும்மா சுற்றியது. சங்கிலி அறுந்துவிட்டது. காற்று இல்லை, அலை இல்லை, கனகசபை இஞ்சினை நிறுத்த லாஞ்சு அப்படியே மிதந்து நின்றது. அவன் அறுந்த வளையத்தை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினான். ஈர்க்குப் போலத் தேய்ந்திருந்தது.

"நேற்று இது ஆத்து வாயில அறுந்திருந்தால்?" என்றான் அவன்.

நேற்று ஏசின மனிசரில் ஒருவர் எழும்பி வந்து ஸெய்னுதீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சங்கிலி கட்டி லாஞ்சு மூதூருக்கு வரும்போது மத்தியானம். நடுக்கடலிலேயே அசனாவுக்கு இடுப்பு நோகத் தொடங்கியிருந்தது. பின்னேரம் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, தலை நிறைய மயிர். சத்தம் போடவில்லை. மருத்துவிச்சி திருப்பித் திருப்பி முதுகில் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் ஸெய்னுதீன் பெண்சாதிக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"அந்தச் சங்கிலியை நீயும் கண்டாய்தானே, புள்ள. அண்டைக்குப் போயிருந்தா தொண்ணூறு உசிரும் போயிருக்கும். நீயும் இல்ல, மகளும் இல்ல."

"நீங்க சொன்னதாலதான் அறுந்திச்சு," என்றாள் உம்மு குல்சும். அவள் குரலில் கோபம் இல்லை. "வாயால வந்த முஸீபத்து எங்கயாவது விழத்தானே வேணும். பாதி சங்கிலியில விழுந்திச்சு. பாதி எங்கட புள்ளையில விழுந்திச்சு."

ஆபத்து வராவிட்டால் பொய்யன். வந்தால், சொல்லி வரவழைத்தவன். ஸெய்னுதீன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கண்ணாடியை எடுத்து நாக்கை நீட்டிப் பார்த்தார். பொட்டு முந்தியதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பொல்லாத காலம், மனிசன் நம்பத் தொடங்கிவிட்டார்.

ஊரும் நம்பியது. கையைப் பிடித்து அழுத மனிசர் பெருநாள் கழிய, தன் மகளின் கலியாணக் கதை பேசப் போகிறபோது ஸெய்னுதீனைக் கண்டு தெருவை விட்டு வேறு ஒழுங்கையால் திரும்பினார். பிள்ளைத்தாச்சிகள் 'பத்ரியா'வில் ஏறுவதை விட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா! முதலாளி ஒன்றும் சொல்லமுன் ஸெய்னுதீனே சில்லை விட்டார். ஸஹாப்தீன் என்று முப்பது வயதுப் பொடியன் சுக்கானி ஆனான். நல்ல கைக்காரன், இனிப்பான வாய், யார் என்ன கேட்டாலும் "பிரச்சினை இல்ல, போவம்" என்பான். ஸெய்னுதீன் மூதூர் ஜெட்டியில் கயிறு பிடிக்கிற வேலைக்கு இறங்கினார். வருகிற லாஞ்சைக் கட்டுவதும் போகிற லாஞ்சை அவிழ்ப்பதும்தான் வேலை. அதற்கு வாய் தேவையில்லை.

அறுபத்தொன்பதில் அசனாவுக்கு மறுபடி வயிறு. கேள்விப்பட்ட அன்றே ஸெய்னுதீன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஜெட்டியடி வாடிக்குப் போனார். கயிறும் பீப்பாவும் கிடக்கிற ஓலைக் கொட்டில் அது. "வாப்பாவை வரச் சொல்லுங்க" என்று அசனா ஆள்விட்டுக் கேட்டும் வரவில்லை. ஏழு மாதம் அங்கேயே கிடந்தார். ஓம், இல்ல, அல்லாஹ் காவல். இந்த மூன்றையும் தவிர ஒரு சொல் அவரிடமிருந்து வந்ததாக ஒருவரும் அறியார். ஒருநாள் துருப்பிடித்த ஆணி உள்ளங்காலில் ஏறியது. தோளில் கிடந்த துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு தானே பிடுங்கி எடுத்தார். கண்ணீர் ஓடியது. அதைப் பார்த்த கனகசபைக்குத்தான் பொறுக்கவில்லை. "நானா, என்னையெண்டாலும் ஒருக்கா ஏசுங்கோவன்" என்றான். ஸெய்னுதீன் அவன் தோளைத் தட்டிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

மார்கழிக் கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறந்த உடனே வீட்டைப் பிய்க்கிற மாதிரி அழுதது. ஜெஸீமா என்று பேர் வைத்தார்கள். ஏழாம் நாள் ஸெய்னுதீன் வீட்டுக்கு வந்து, வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு, தூரத்தில் நின்று பார்த்தார். "கிட்ட வாங்களன் வாப்பா" என்று அசனா கூப்பிட்டாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நாற்பது கழியட்டும் என்று உம்மு குல்சும் சொல்லியிருந்தாள். நாற்பது நாளும் தாண்டினால் பிள்ளை தங்கிவிடும்.

இருபத்துமூன்றாம் நாள் காலை. தை மாதத்து வாடை இரவிரவாக அடித்து, விடியத்தான் கொஞ்சம் தணிந்திருந்தது. மகாவலி இரண்டு கரையும் முட்டி ஓடுகிறது, குடாவில் பாதி சேற்று நிறம். டவுனில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டுச் சனம் நூறு பேர், சீலைப் பெட்டிகள், பாய்க்கட்டுகள், சாப்பாடு வைக்கிற இரண்டு பெரிய சகன் வட்டா. பெட்டிகளை லாஞ்சின் கூரைமேலே ஏற்றிக் கட்டினார்கள். தூறல் அடிக்கிறதென்று காற்றுப் பக்கத்துப் படங்குத் துணியை இறக்கிவிட்டார்கள். நனையாமல் இருக்கச் சனமெல்லாம் மற்றப் பக்கத்தில் போய் நெருங்கியது. லாஞ்சு கட்டின இடத்திலேயே ஒரு பக்கம் சரிந்து நின்றது.

ஸெய்னுதீன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். கூரையில் பாரம், ஒரு பக்கம் சனம், வெளியே ஆற்று வாய். ஒரு குழந்தைக்கும் விளங்கும் கணக்கு.

"பிரச்சினை இல்ல, அவிழ்த்து விடுங்க!" என்றான் ஸஹாப்தீன்.

கனகசபை குழிக்குள் இருந்து தலையை நீட்டினான். சரிவைப் பார்த்தான். பிறகு ஸஹாப்தீனை விட்டுவிட்டு ஸெய்னுதீனைப் பார்த்தான்.

"நானா, என்ன?"

சனத்தில் நாலைந்து கிழடுகளும் திரும்பின. ஒரு கிழவி அரைவாசி எழும்பிவிட்டாள், அந்தச் சொல்லுக்காக. சொல் நாக்கில் வந்து நின்றது, அந்தப் பொட்டுக்கு மேலே. வீட்டில் இருபத்துமூன்று நாள் பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது. இன்னும் பதினேழு நாள். பதினேழே நாள், யா அல்லாஹ்!

கனகசபை பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அல்லாஹ் காவல்," என்றார் ஸெய்னுதீன். "போயிட்டு வாங்க."

கிழவி திரும்பக் குந்தினாள். கனகசபை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்தான். ஸெய்னுதீன் கயிற்றை அவிழ்த்து விட்டார்.

ஒன்பதரைக்கு ஆற்று வாயில் லாஞ்சு புரண்டது. தோணிக்காரர் போய் அள்ளினார்கள். பதினொரு மையத்து எடுத்தார்கள். அந்தக் கிழவியும் ஒன்று. இஞ்சின் குழிக்குள் இருந்த கனகசபையை லாஞ்சைக் கட்டி இழுத்துவந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. பின்னேரம் வரைக்கும் ஸெய்னுதீன் இடுப்பளவு தண்ணியில் நின்று மையத்துகளை வாங்கிக் கரையேற்றினார். கனகசபையை வாங்கியபோது மட்டும் அவர் வாய் திறந்தது. என்னவோ சொல்லப் போகிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். ஒன்றும் வரவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது மஃரிபு தொழுகை நேரம் ஆகிவிட்டது. உடுப்பில் இருந்து தண்ணி சொட்டியது. வாசலில் உம்மு குல்சும் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள், அழுது அவள் கண்ணும் வீங்கியிருந்தது. அவர் படியில் ஏறாமல் நின்றார்.

"அங்க நிண்டவங்க சொன்னாங்க," என்றாள் அவள், மெதுவாக, வருஷக் கணக்காக அவருக்குக் கிடைக்காத ஒரு பாசத்தோடு. "கெட்ட சொல்லுக்கு நீங்க வாயே திறக்கல்லயாம். போயிட்டு வாங்க எண்டு நல்ல சொல்தான் சொன்னீங்களாம். அல்ஹம்துலில்லாஹ். இந்தத் தரம் ஆரும் உங்கள ஒண்டும் சொல்ல ஏலாது."

பிறகு, நாற்பது ஆகாமலே, முதல் தரமாகப் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.